மீசைக்கு இன்னும் ஒரு ஷெட்யூல்

அம்மாவுக்கு முன்னால் இன்னொருவர் எரிந்துகொண்டிருந்தார். அவர் முடிந்தால்தான் அம்மா. “ஒரே மெஷின்தான் சார், நாங்க என்னா பண்றது” என்று சொல்லிவிட்டு மயானத்து ஊழியர் தன் பிளாஸ்டிக் நாற்காலிக்குத் திரும்பிப் போய்விட்டார். செத்த பிறகும் வெயிட்டிங். தணிகாசலத்துக்கு வெயிட்டிங் புதிதில்லை. நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக அவர் பார்த்த தொழிலே அதுதான், நடிப்பு என்பது நடுநடுவே வந்துபோகிற ஒரு இடைஞ்சல். விடிகாலையில் போலீஸ் உடுப்பை மாட்டி உட்கார வைத்துவிடுவார்கள், வெளிச்சம் போகிற நேரத்தில் “மீசை சார் எங்க, மீசை சார் எங்க” என்று அலறியடித்துக்கொண்டு தேடுவார்கள், போய் நின்று “எல்லாரையும் வண்டியில ஏத்துங்க” என்று ஒரு வரி சொன்னால் பேக்கப். அதற்கெல்லாம் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. இன்றைக்கு எல்லாமே எரிச்சலாக இருந்தது. சிமெண்டு பெஞ்சின் சூடு எரிச்சல், சட்டையில்லாத முதுகில் ஊர்கிற எறும்பு எரிச்சல், தகரக் கூரைக்குக் கீழே மாலைகளோடு படுத்திருக்கிற அம்மாவின் கால்மாட்டில் நின்று யாரோ அரசியல் பேசுவது எரிச்சல், எல்லாவற்றுக்கும் மேல் அந்த மாசிலாமணி. மாசிலாமணி குழாயடியில் பலகை போட்டு, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டு காத்திருந்தான். அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளைதான் கொள்ளி. கொள்ளி வைக்கிறவன் தலையையும் மீசையையும் மழித்துக்கொள்ள வேண்டும், மற்ற பிள்ளைகள் சும்மா நின்றால் போதும், அவர்கள் வீட்டு வழக்கம் அது. “சார், உக்காருறீங்களா?” என்று அவன் கேட்டான். “இருய்யா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். மறுபடி “இருய்யா” என்றார். எதற்காக இருக்கச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்துதான் இருந்தது, அதனால்தான் அவன் மேல் இவ்வளவு கோபம்.

இடுப்பு வேட்டிமடிப்பில் போன் மறுபடி அதிர்ந்தது. இன்பாதான். அசிஸ்டெண்ட் டைரக்டர் இன்பா, நல்ல பையன், அவனுடைய தொந்தரவே அவன் நல்ல பையனாக இருப்பதுதான், கெட்டவனாக இருந்தால் போனை எடுத்து நாலு வார்த்தை திட்டிவிட்டு வைத்துவிடலாம். காலையில் அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது முதல் போன். “சார், கேள்விப்பட்டேன் சார், ரொம்ப ரொம்ப சாரி சார், அம்மாவுக்கு வயசு என்ன சார்” என்று கேட்டுவிட்டு மூச்சுவிட்டான். அந்த மூச்சிலேயே தணிகாசலத்துக்குத் தெரிந்துவிட்டது. “சார், தப்பா எடுத்துக்காதீங்க சார். மீசை… கண்டின்யுட்டி சார், இதுவரைக்கும் எடுத்த சீன்லயெல்லாம் மீசை இருக்கில்ல. டைரக்டர் கேக்கச் சொன்னாரு. தல பிரச்சினையில்ல சார், படம் பூரா தலையில துண்டுதான கட்டியிருக்கீங்க. மீசைதான் சார்.” ஒட்டுமீசை வைத்துக்கொள்ளலாமே என்று இவர் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். அந்த டைரக்டர் முகத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் கேமராவைக் கொண்டுவந்து வைக்கிற ஆள். மீசை முடி ஒவ்வொன்றும் மூச்சுக்கு அசைய வேண்டும் அவருக்கு. கோந்து தெரிந்தால் அந்த சீனே வேண்டாம் என்று தூக்கிவிடுவார். சீனைத் தூக்கினால் பரவாயில்லை, ஆளையே தூக்கிவிட்டால்? இன்பா அதையும் சொல்லிவிட்டான், நல்ல பையன் இல்லையா, மறைக்கத் தெரியாதே: “இல்லன்னா கிளைமாக்ஸ பையன் கேரக்டர் பக்கம் மாத்திடலாம்னு ஒரு டிஸ்கஷன் போகுது சார்.” டிஸ்கஷன். இங்கே அம்மாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அங்கே டிஸ்கஷன்.

கிளைமாக்ஸ் போய்விட்டால் அந்தப் படத்தில் அவருக்கு என்ன மிச்சம்? இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு டைரக்டர் வீட்டுக்கு வந்து, மனைவி மல்லிகா கொடுத்த காபியைக் குடித்து, கதையை முழுசாகச் சொன்னார். இவருக்கு யாரும் கதை சொன்னதே கிடையாது. “வாங்க, நில்லுங்க, ஹீரோ அடிச்சு முடிச்சதும் ஜீப்புல வந்து இறங்குங்க” என்பதுதான் இவர் இதுவரை கேட்ட கதை. இந்தக் கதையில் ஒரு ரிட்டயரான லாரி டிரைவர் வீட்டைவிட்டுப் போன மகனை ஊர் ஊராகத் தேடுகிறார், கடைசியில் ஒரு பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடிக்கிறார். அவ்வளவுதான். கேட்டுவிட்டு “இதுல நான் யாருங்க?” என்று கேட்டார் தணிகாசலம். இன்ஸ்பெக்டராகவோ, லாட்ஜ் மேனேஜராகவோ இருக்கும் என்று நினைத்துக் கேட்டார். “நீங்கதான் சார் அந்த அப்பா” என்றார் டைரக்டர். மல்லிகா சமையலறை வாசலில் நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த மீசையால் கிடைத்ததுதான் அதுவும். எல்லாமே மீசையால் கிடைத்ததுதான். கோடம்பாக்கத்துக்கு வந்து மீசை வளர்த்த புதிதில் வரிசையில் நின்ற அத்தனை பேரில் மேனேஜர் கைநீட்டி “அந்த மீசக்காரன் வரட்டும்” என்றபோது ஆரம்பித்தது. அதிலிருந்து இன்ஸ்பெக்டர், அதிலிருந்து இன்ஸ்பெக்டர், நடுவில் ஒரு பஞ்சாயத்தில் இரண்டாவது வரிசையில் தலையாட்டுகிறவர், பெண்வீட்டு மாமா, மறுபடி இன்ஸ்பெக்டர். புரொடக்‌ஷன் ஆபீஸ் போன்களிலெல்லாம் அவர் பெயர் ‘மீசை இன்ஸ்பெக்டர்’. தணிகாசலம் என்று ஒரு பெயர் இருப்பது ரேஷன் கடைக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும் என்று சொல்லிச் சிரிப்பார். அம்மாவுக்கும் அப்புறம் தெரியாமல் போயிற்று.

“சார், நீங்க அந்த போலீஸ்தானே?” என்று ஒரு குரல் கேட்டது. எரிந்துகொண்டிருந்தவரின் ஆட்களில் ஒருவர், நெற்றியில் திருநீறு, கையில் போன். தப்பான நேரம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது, முகத்தில் துக்கத்தை வைத்துக்கொண்டுதான் கேட்டார். “எங்க பெரியப்பா சார் உள்ள. அவருக்கு உங்கள ரொம்பப் புடிக்கும். டிவில நீங்க வந்தா, இந்த ஆளு வந்தா படம் முடிஞ்சிடுச்சுடா, எழுந்து போய்ப் படுங்கடான்னுவாரு.” இதற்கு என்ன பதில் சொல்வது? நன்றி என்பதா? ஒரு மனுஷனுக்கு இவர் முகம் என்பது தூங்கப் போகிற நேரம். அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தூக்கினார். தணிகாசலத்தின் முகவாய் தானாகக் கொஞ்சம் இடது பக்கம் திரும்பியது, வெளிச்சம் அந்தப் பக்கமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சீ என்றிருந்தது. காலையிலிருந்து இதேதான். அம்மாவின் நெஞ்சில் விழுந்து அழுதபோதுகூட கேமராவுக்கு முதுகு காட்டாமல்தான் விழுந்தார், கேமரா எங்கே இருக்கிறது அங்கே? அண்ணி வசந்தா அடுப்படியில் யாரிடமோ “சினிமாவுல அழுவுறாப்புலயே அழுவுறாரு பாத்தியா” என்று சொன்னது காதில் விழுந்தது. அவள் சொன்னது தப்பில்லை. இவருக்குத் தெரிந்த அழுகை அது ஒன்றுதான், வேறு அழுகைக்கு எங்கே போவார்? அதைவிட வயிற்றெரிச்சல், அழுதுகொண்டே மேலுதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. கண்ணீர் பட்டு மீசையின் சாயம் கலைகிறதா என்று.

இந்த மீசைதான் அம்மாவைப் பிடுங்கிக்கொண்டது என்று நினைத்தால் அபத்தமாக இருக்கிறது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. அம்மா அண்ணன் ஏகாம்பரத்தின் வீட்டில்தான் இருந்தாள். இரண்டு வருஷமாக நினைவு கலங்கிப்போய், இருந்த பிள்ளையைத் தெரியாமல் இல்லாத பிள்ளையைத் தேடினாள். இந்தப் படத்துக்காக மீசையை மேலும் வளர்க்கச் சொல்லிவிட்டார்கள், அது கன்னம் வரைக்கும் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழைந்தபோது அம்மா கட்டிலிலிருந்து எழுந்து நிற்கப் பார்த்தாள். கும்பிட்டாள். “ஐயா, எங்க சின்னவன் ஒண்ணும் தெரியாத பையன்யா. சேர்க்கை சரியில்ல, அவ்ளோதான். அவன ஸ்டேசனுக்குக் கூப்புடாதீங்கய்யா. அடிச்சுறாதீங்க” என்றாள். எத்தனையோ படங்களில் எத்தனையோ அம்மாக்கள் இந்த வசனத்தை இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். “நான்தாம்மா, தணிகா” என்றார். அவள் இன்னும் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள், அவனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அழ ஆரம்பித்தாள். வேறு வழி தெரியாமல், குரலைக் கொஞ்சம் இறக்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “சரிம்மா. எழுதி வாங்கிட்டு விட்டுட்டோம். வீட்டுக்கு வந்துருவான்” என்றார். அவள் முகம் தெளிந்தது. உட்காருங்கய்யா, டீ போடச் சொல்கிறேன் என்றாள். அவர் வாழ்க்கையில் அதைவிட நன்றாக அவர் நடித்ததில்லை, அதை நினைக்கும்போது பெருமை மாதிரி ஒன்றும் உள்ளே எட்டிப் பார்க்கிறது, அதற்குச் செருப்பால் அடிக்க வேண்டும். அன்றைக்கு வெளியே வந்து அண்ணன் கத்தினார், “அந்த மயிர எடுத்துத் தொலையேன்டா! மூஞ்சியக் காட்டுனா அடையாளம் தெரியப்போவுது. பொழப்பாடா இது, பெத்தவ புள்ளையப் பாத்துக் கும்புடுறா!” “இன்னும் ஒரு ஷெட்யூல்தாண்ணா” என்றார் இவர். முடிந்த மறுநாளே எடுத்துவிட்டு, பச்சை முகத்தோடு, பத்தொன்பது வயசில் வீட்டைவிட்டுக் கிளம்பின முகத்தோடு போய் அவள் கட்டிலுக்கு முன்னால் நிற்பதாக இருந்தார். வந்துட்டேம்மா, விட்டுட்டாங்க என்று சொல்வதாக இருந்தார். வசனம்கூடத் தயார். ஷெட்யூல் தள்ளிப்போயிற்று. ஹீரோயின் தேதி, மழை, ஃபைனான்ஸ், ஏதோ ஒன்று, ஏதோ ஒன்று. அம்மா எந்த ஷெட்யூலுக்கும் காத்திருக்கவில்லை. நேற்று மத்தியானம் மோர் குடித்துவிட்டுப் படுத்தவள், சாயங்காலம் எழுப்பினால் எழவில்லை.

அப்படியானால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எழுந்து போய்ப் பலகையில் உட்கார வேண்டியதுதானே? அதுதானே நியாயம்? ஒரு பக்கம் இதைச் சொல்லிக்கொண்டே இன்னொரு பக்கம் பஸ் ஸ்டாண்ட் சீனை மனசு ஓட்டிப் பார்த்தது. மகன் டீக்கடையில் முதுகைக் காட்டி நிற்கிறான். அப்பா கூப்பிடுவதில்லை. பக்கத்தில் போய் நின்று தனக்கும் ஒரு டீ சொல்கிறார். அங்கே அந்த மீசைக்கு அடியில் ஒரு துடிப்பு, அவ்வளவுதான், அதைத்தான் டைரக்டர் கேட்கிறார். தனியாகக் கண்ணாடி முன்னால் நின்று அதைப் பழகி வைத்திருக்கிறார். இனிமேல் யார் கூப்பிட்டு இப்படி ஒன்று கொடுக்கப்போகிறார்கள்? வயசு ஐம்பத்தெட்டு. திரும்பவும் ஜீப்பிலிருந்து இறங்க வேண்டியதுதான். கால் மூட்டு இருக்கிற லட்சணத்தில் இனி ஜீப்பிலிருந்தும் இறங்க முடியாது. சாயம் கலையாத ஒரு மீசைக்காகச் செத்துப்போன அம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது தன் மேலேயே எரிந்து விழத் தோன்றியது, விழுவதற்கு ஆள் கிடைக்காமல் மாசிலாமணியைப் பார்த்து “என்னய்யா மொறைக்கிற?” என்றார். அவன் பாவம், பிளேடு உறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். “இல்ல சார்… உள்ள முடிஞ்சிடுச்சாம். உங்களுதுதான் அடுத்து.”

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை எடுத்தார், எடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே எடுத்தார். “சார், டைரக்டர் லைன்ல வரேன்றாரு சார், ஒரு நிமிஷம்” என்றான் இன்பா. அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை போனை வாங்கிக்கொண்டது. ஏகாம்பரம். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ரிட்டயரானவர், இன்றுவரை தம்பியின் ஒரு படத்தையும் தியேட்டரில் போய்ப் பார்க்காதவர், கூத்தாடிப் பிழைப்பு என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் சொல்லாதவர். “நான் அவங்க அண்ணன் பேசுறேன்பா. மீச எடுக்க மாட்டான். டைரக்டர்கிட்ட சொல்லிடு. ம்… ம்… வந்துருவான்” என்று சொல்லிக் கட் செய்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றிப் பெஞ்சில் போட்டார். “ணா, என்ன பண்ற?” என்றார் தணிகாசலம். “வண்டியில வரும்போது நீ போன்ல பேசுனதக் கேட்டுக்கினுதான்டா வந்தேன். விடு. அம்மா போய்ட்டா. போனவளுக்கு யார் வச்சா என்ன, ரெண்டு பேரும் அவ வயித்துலதான் பொறந்தோம். அப்பாவுக்கும் நான்தான வச்சேன். நீ இருக்கறவன், உன் பொழப்பப் பாரு.” அரசியல் பேசிக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், சின்னவன்தான வைக்கணும், வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல என்று இழுத்தார். ஏகாம்பரம் அவர் பக்கம் திரும்பி நெஞ்சை நிமிர்த்தினார். “தம்பி இந்தப் படத்துல மெயின் ரோலுபா. அவன வச்சுத்தான் கதையே. மீசைய எடுத்தா அங்க அத்தினி பேர் வேல நின்னுடும். தெரியுமா ஒனக்கு?”

இந்த வார்த்தைக்காக எத்தனை தீபாவளி காத்திருந்திருப்பார். அண்ணன் வீட்டு டிவியில் தன் படம் ஓடும்போதெல்லாம் ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்திருப்பார், அவர் எழுந்து போய்க் கொல்லைப்பக்கம் கை கழுவிக்கொண்டிருப்பார். இப்போது, இங்கே, மயானத்தில், நாலு பேர் காது கேட்கச் சொல்கிறார். சொல்வதற்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு? வேண்டாம்ணா, நகரு, நான்தான் உட்காருவேன் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. ஒரு கணம், ஒரே கணம், அப்பாடா என்றிருந்தது. தோள் இரண்டும் லேசானது. கிளைமாக்ஸ் தப்பித்தது. அந்த அப்பாடாவைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை, சகிக்க முடியாமலே நின்றுகொண்டிருந்தார், அதற்குள் ஏகாம்பரத்தின் நரைமுடி கொத்துக் கொத்தாகப் பலகையைச் சுற்றி விழ ஆரம்பித்துவிட்டது. பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மொட்டைத் தலையில் தண்ணீர் சொட்ட ஏகாம்பரம் தோளில் குடத்தோடு அம்மாவைச் சுற்றி வந்தார், சுற்றுக்கு ஒரு ஓட்டை போட்டார்கள், தண்ணீர் பீறிட்டு அவர் கால் தடத்திலேயே விழுந்தது. எல்லோரும் வாய்க்கரிசி போட்டார்கள். தணிகாசலமும் வரிசையில் வந்து போட்டார். போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். நின்ற பிறகுதான் கவனித்தார், அண்ணனின் வலது தோளுக்குப் பின்னால் அரையடி தள்ளி, முகம் பாதி தெரிகிற மாதிரி, கையை முன்னால் கட்டிக்கொண்டு. யாரும் அவரை அங்கே நிற்கச் சொல்லவில்லை. நாற்பது வருஷமாக ஹீரோக்களுக்குப் பின்னால் நின்ற இடம், கால் தானாக வந்து நின்றுவிட்டது. சொந்த அம்மாவின் சாவில்கூட இரண்டாவது வரிசை. கற்பூரம் எரிந்தது. ஏகாம்பரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைவைக்க, தள்ளுவண்டி உள்ளே போயிற்று. இரும்புக் கதவு இறங்கியது.

எல்லோரும் குழாயில் கால் கழுவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வேன் பக்கம் நடந்தார்கள். மாசிலாமணி கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கத்தியைத் துடைத்துப் பைக்குள் வைக்கப்போனான். பலகை இன்னும் ஈரமாகக் கிடந்தது. தணிகாசலம் போய் அதில் உட்கார்ந்தார். “என்னா சார்?” “எடு.” “எதைய சார்?” “மீசைய எடுய்யா. தலையும் எடு. மொதல்ல மீசைய.” அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வேன் பக்கம் ஒரு தடவை பார்த்தான். “சார், அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே. அண்ணன் வச்சுட்டாரு. இனிமே நீங்க எடுக்கணும்னு கணக்கே இல்ல சார். எடுத்தாலும் அதுக்குப் பிரயோஜனம் கிடையாது.” “தெரியும்.” “ஷூட்டிங்கு கீதுன்னாரே…” “யோவ், ஒரு தடவ சொன்னா எடுக்க மாட்டியா? எத்தினி பேருய்யா எனக்கு வசனம் சொல்லித் தருவீங்க?” கத்தின கத்தலில் குரல் பிசிறியது. அவர் படங்களில் கத்தும் குரல் இல்லை அது, எங்கேயோ கேட்ட மாதிரி மட்டும் இருந்தது. மாசிலாமணி தண்ணீரைத் தொட்டு மேலுதட்டில் தடவினான், கட்டைவிரலால் மூக்கைத் தூக்கிப் பிடித்தான். கத்தி ஒரு பக்கம் இறங்கியது. இவ்வளவு கனமா இருந்தது அங்கே? காற்று பட்டுச் சில்லென்றது. சாயக் கறுப்பும் அடியில் நரையுமாக ஒரு பெரிய கொத்து மடியில் விழுந்தது. வேட்டிமடிப்பில் போன் அதிர்ந்தது, அதிரட்டும்.

வேனிலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். செருப்பு தடதடக்க ஏகாம்பரம் ஓடிவந்தார், மூச்சு இறைத்தது. பாதி மீசையோடு அண்ணாந்து உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மொட்டைத் தலையும் வெறும் உதடுமாக அவர் முகம் சின்னதாகி, யாரோ மாதிரி இருந்தது. “டேய்! டேய், பைத்தியக்காரா! உனக்காகத்தானேடா நான் உக்காந்தேன்! அவளுக்குன்னு நீ பண்ண வேண்டியதை நான் பண்ணிட்டு வந்து நிக்கிறேன், இப்ப எதுக்குடா இது? யாருக்குடா?” சொல்லச் சொல்ல அவருக்கு அழுகை முட்டியது. “இதையாவது மொதல்லயே எடுத்திருந்தா அவ உன்னப் பாத்திருப்பாளேடா!”

இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். வாயைத் திறக்கப் போனார் தணிகாசலம். கத்தி மேலுதட்டின் நடுவில் இருந்தது.

“ஆடாதீங்க சார்” என்றான் மாசிலாமணி.